ரோமில் தனி ஆளாக நான்கு நாள்: முன்பதிவு, வரிசை, படிக்கட்டு

மலைக்கோட்டை

வணக்கம். நவம்பர் இரண்டாம் வாரம் ரோமில் முழுதாக நான்கு நாள், தனியாக. விசா வந்துவிட்டது, அறை தெர்மினி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். கொலோசியம், வாத்திகன், பாந்தியன், திரேவி நீரூற்று இவை கட்டாயம். கைடு கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓட, பின்னால் நாற்பது பேர் ஓடும் பயணம் வேண்டாம். எதற்கு முன்பதிவு செய்தே ஆகவேண்டும்? எதை எந்த நேரத்தில் பார்ப்பது? ரோமா பாஸ் வாங்கலாமா? நான் சைவம், முட்டை ஓகே. கிளம்ப இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.

கூழாங்கல்

ஐந்து வாரம் சரியான அவகாசம். வாத்திகன் அருங்காட்சியக டிக்கெட் 60 நாள் முன்னாலேயே திறந்துவிடும், அதனால் அதை இன்றைக்கே எடுங்கள். கொலோசியம் 30 நாள் முன்னால்தான் திறக்கும், அதற்கு அடுத்த வாரம் உட்காருங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு வரை இத்தாலி நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால், அதற்குப் பிறகு நாலரை. தளம் திறக்கும் நேரத்தைக் கணக்குப் போடும்போது இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

கொலோசியத்தில் இரண்டு டிக்கெட்டை மட்டும் பாருங்கள். 18 யூரோவுக்கு முதல் இரண்டு அடுக்கு, கூடவே பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ரோமன் ஃபோரம், அதை ஒட்டிய பாலடைன் குன்று, எல்லாம் 24 மணி நேரத்துக்குள். 24 யூரோவுக்கு இவற்றோடு சண்டை நடந்த களமோ அதன் அடியில் உள்ள நிலவறையோ சேரும், இரண்டு நாள் செல்லும். நிலவறை டிக்கெட் திறந்த சில நிமிடங்களில் போய்விடும். தனி ஆளுக்கு இங்கே ஒரு சாதகம். நான்கு பேர் என்று தேடினால் ‘இல்லை’ என்று காட்டும் நேரத்தில், ஒருவர் என்று மாற்றினால் ஒற்றை இடம் எட்டிப்பார்க்கும். முதல் நாள் கிடைக்காவிட்டாலும் பிறகு தினம் ஒருமுறை பாருங்கள்.

தேடுபொறியில் மேலே வரும் நாலைந்து தளங்கள் இடைத்தரகர்களுடையவை. அதே 18 யூரோ டிக்கெட்டோடு ஒரு ஒலி வழிகாட்டியை ஒட்டி இரண்டு மூன்று மடங்குக்கு விற்பார்கள். மோசடி என்று சொல்ல முடியாது, தண்டச் செலவு.

வாத்திகன் 20 யூரோ, இணைய முன்பதிவுக் கட்டணம் 5. மொத்தம் 25. அந்த ஐந்து யூரோவில் கஞ்சம் பிடித்தால் மதில் ஓரமாக இரண்டு மணி நேரம் நிற்கவேண்டி வரும். தனியாகப் போகிறவருக்கு வரிசையில் இடம் பிடித்துவைக்க ஆள் கிடையாது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பெட்டிகட்டி

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இது நம்மூர் ஆள்களுக்கே வரும் சிக்கல். கொலோசியம் டிக்கெட் 2023 அக்டோபரிலிருந்து பெயரோடுதான் வருகிறது, வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒத்துப் பார்ப்பார்கள். நாம் பழக்கத்தில் இனிஷியலைப் போட்டு ‘எஸ். கவிதா’ என்று அடித்துவிடுவோம், பாஸ்போர்ட்டிலோ அந்த எஸ் விரிந்து அப்பாவின் முழுப் பெயராக இருக்கும். பாஸ்போர்ட்டில் என்ன எழுத்தோ அதே எழுத்து, அதே வரிசை. குடும்பப் பெயர் என்ற கட்டம் பாஸ்போர்ட்டில் காலியாக இருந்தால், தளம் இரண்டு கட்டத்தையும் நிரப்பச் சொல்லும்போது இருக்கிற ஒரே பெயரை இரண்டிலும் போட்டுவிடுங்கள். புனைபெயர், வீட்டுப் பெயர், கணவர் பெயர் எதுவும் வேண்டாம். பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று நம்பி வாங்காதீர்கள்.

அசல் பாஸ்போர்ட்டைச் சுமக்கப் பயமாக இருந்தாலும் அன்றைக்கு ஒரு நாள் உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள். புகைப்பட நகலை ஒரு காவலர் விடுவார், அடுத்தவர் விடமாட்டார்.

மலைக்கோட்டை

ஐயோ, விமான டிக்கெட்டிலேயே இந்தக் கூத்து நடந்தது. நல்லவேளை சொன்னீர்கள். கொலோசியம் காலையா மாலையா?

கூழாங்கல்

நவம்பரில் மாலை என்ற பேச்சே கிடையாது. அக்டோபர் கடைசியில் கடிகாரத்தைத் திருப்பியதும் கொலோசியம் 4:30க்கு மூடும், கடைசி நுழைவு 3:30. ஐந்து மணிக்குள் சூரியன் போய்விடும். 8:30 நுழைவு எடுங்கள். உள்ளே ஒன்றேகால் மணி நேரம் போதும். அங்கிருந்து ஃபோரத்துக்கு எல்லோரும் பாயும் பக்கம் போகாமல், சான் கிரெகோரியோ தெருவில் உள்ள பாலடைன் வாசலுக்கு ஐந்து நிமிடம் நடங்கள். கூட்டம் அங்கே குறைவு. குன்றை முதலில் ஏறி முடித்து, ஃபர்னேசே தோட்டத்து மாடத்திலிருந்து ஃபோரம் முழுவதையும் மேலிருந்து ஒருமுறை பார்த்துவிட்டுக் கீழே இறங்கினால், பிறகு தரையில் கிடக்கும் தூண் எது எந்தக் கோவிலுடையது என்று புரியும். நேராகக் கீழே போனவர்களுக்கு அது வெறும் கல்குவியல்தான்.

மூன்று எச்சரிக்கை. ஃபோரமும் பாலடைனும் சேர்ந்து ஒரே நுழைவு, வெளியே வந்துவிட்டால் மறுபடி விடமாட்டார்கள். சாப்பிட வெளியே வந்துவிட்டுத் திரும்பலாம் என்பது நடக்காது, ரொட்டியோ பழமோ கையில் இருக்கட்டும். கொலோசியத்தில் பெட்டி வைக்க அறை கிடையாது, பெரிய பையும் கண்ணாடிப் புட்டியும் உள்ளே போகாது. அறையைக் காலி செய்யும் நாளில் கொலோசியம் வைத்துக்கொள்ளாதீர்கள். மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம், அன்று முன்பதிவும் கிடையாது. உங்கள் தேதிக்கு அது வராது, வந்திருந்தாலும் தவிர்க்கச் சொல்வேன்.

ஏட்டுச்சுவடி

ஃபோரத்தில் பேரரசர் தீத்துஸின் வெற்றி வளைவைத் தாண்டி இறங்கும்போது வலப்பக்கம் மூன்று பிரம்மாண்டமான வளைகூரைகள் நிற்கும். அது மக்சென்தியுஸ் பஸிலிக்கா என்ற பொது மண்டபம். 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. அதன் அடியில் இருப்பது மிளகுக் கிடங்கு. பேரரசர் தொமீஷியன் 1ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டியது, பெயரே ‘மிளகுக் கிடங்குகள்’ என்றுதான். முசிறித் துறையில் சேரநாட்டு மிளகை ஏற்றிப்போன யவனக் கப்பல்களின் சரக்கு வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று. பெரும்பாலான வழிகாட்டிப் புத்தகங்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடும். தமிழ் படித்தவர்கள் அங்கே இரண்டு நிமிடம் கூடுதலாக நிற்கலாம். பொன் அங்கிருந்து புறப்பட்டு இங்கே வந்தது, கறி, அதாவது மிளகு, இங்கிருந்து அங்கே போனது.

தீத்துஸ் வளைவின் உள்பக்கச் சுவரையும் விட்டுவிடாதீர்கள். கி.பி. 70இல் எருசலேம் கோவிலைச் சூறையாடி ஏழு கிளை விளக்கைத் தோளில் சுமந்து வருவது செதுக்கப்பட்டிருக்கிறது. காலை வெயில் சாய்வாக விழும்போது உருவங்கள் துல்லியமாகத் தெரியும்.

மூன்றாம்நடைமேடை

வாத்திகன் பற்றி நான். மலைக்கோட்டை, அருங்காட்சியகம் வேறு, புனித பேதுரு பேராலயம் வேறு, வாசல்களும் வேறு. அருங்காட்சியகத்துக்கு வடக்கே மதில் ஓரம் வியாலே வாத்திகானோ தெரு வாசல். பேராலயத்துக்கு முன்னால் உள்ள பெரிய சதுக்கம். இரண்டுக்கும் இடையே நடக்க 15 நிமிடம். அருங்காட்சியக டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு சதுக்கத்து வரிசையில் நின்று நேரத்தைக் கோட்டைவிடுபவர்கள் தினமும் உண்டு.

தெர்மினியிலிருந்து மெட்ரோ ஏ தடம், ஒத்தவியானோ ஆறாவது நிறுத்தம். அருங்காட்சியகத்துக்கு அதற்கு அடுத்த சிப்ரோவிலும் இறங்கலாம், அங்கே தரகர் தொல்லை குறைவு. ஒத்தவியானோவில் படியேறி வெளியே வந்ததுமே கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஆள்கள் ‘இன்றைக்கு வாசல் மூடியிருக்கிறது, இந்தப் பக்கம் வாங்க’ என்பார்கள். நிற்காமல் நடங்கள்.

ஞாயிறு மூடல். மாதக் கடைசி ஞாயிறு மட்டும் இலவசம், அன்றைக்குக் காலடி வைக்க இடம் இருக்காது. புதன் காலை போப்பின் பொதுச் சந்திப்பு சதுக்கத்தில் நடக்கும், அது முடியும்வரை பேராலயத்துக்குள் விடமாட்டார்கள். ஆகவே பேராலயத்துக்குப் புதன் வேண்டாம்.

உள்ளே போனதும் பெரும்பாலோர் சிஸ்டைன் சிற்றாலயத்தை நோக்கி ஓடுவார்கள். அது பாதையின் கடைசி. 120 மீட்டர் நீள வரைபடக் கூடத்தில் கூட்டம் உங்களைத் தள்ளிக்கொண்டே போகும். அதற்கு முன்னால், எண்கோண முற்றத்தில் பாம்புகளோடு போராடும் லாவோகூன் பூசாரியின் சிலை இருக்கிறது. 1506இல் ஒரு திராட்சைத் தோட்டத்தில் தோண்டி எடுத்தது. முதல் அரைமணியை அங்கே செலவிடுங்கள். ஓவியர் ரஃபாயேலின் அறைகளில் ‘ஏதென்ஸ் பள்ளி’ ஓவியச் சுவர் முன்னால் குழுக்கள் வந்து வந்து போகும். ஒரு குழு நகர்ந்து அடுத்தது வருவதற்குள் ஒரு நிமிட இடைவெளி விழும், தனி ஆளுக்கு அதுவே போதும்.

சிஸ்டைனில் படம் எடுக்கத் தடை, பேசவும் தடை. காவலர்கள் ‘சிலென்சியோ’ என்று ஒலிபெருக்கியில் அதட்டிக்கொண்டே இருப்பார்கள், அந்த அறையின் பெரிய சத்தமே அதுதான். கூரை 20 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பறவை பார்க்கும் சிறிய தொலைநோக்கி ஒன்று பையில் இருந்தால் அங்கே அதற்கு விலையே கிடையாது. இரண்டு பக்கச் சுவரையும் ஒட்டிக் கல் இருக்கை உண்டு. ஒருவர் எழுந்ததும் உட்கார்ந்துவிடுங்கள், நின்று அண்ணாந்து பார்த்தால் பத்தே நிமிடத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும். கூரை ஓவியம் மிக்கேலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை வரைந்தது. பலிபீடச் சுவரில் உள்ள ‘இறுதித் தீர்ப்பு’ அதே மிக்கேலாஞ்சலோ இருபத்து நான்கு வருடம் கழித்துத் தொடங்கியது. கூரையில் உள்ள உடல்களையும் சுவரில் உள்ள உடல்களையும் மாற்றி மாற்றிப் பாருங்கள், அதே கையா என்று சந்தேகம் வரும்.

தெருக்கோடி

சிஸ்டைனின் பின்பக்க வலது கதவு வழியாக நேராகப் பேராலயத்துக்குள் போய்விடலாமே? பாதுகாப்பு வரிசை மிச்சம்.

மூன்றாம்நடைமேடை

அந்தக் கதவு குழுக்களுக்கானது. ஏதாவது குழுவோடு ஒட்டிக்கொண்டு நழுவலாம் என்று பல தளங்களில் எழுதியிருப்பார்கள். அதை நம்பி நாளைத் திட்டமிடக்கூடாது. மூடியிருந்தால் அரை நாள் குலையும். இன்னொன்று, 40 × 35 × 15 செ.மீ.க்கு மேற்பட்ட பையை நுழைவிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பேராலயம் வழியாக வெளியேறினால், அதை எடுக்க மதிலைச் சுற்றிக்கொண்டு மறுபடி அருங்காட்சியக வாசலுக்குத்தான் நடக்கவேண்டும். கூட வந்தவர் எடுத்து வருவார் என்ற வசதி தனி ஆளுக்கு இல்லை.

கூழாங்கல்

இரண்டையும் ஒரே நாளில் திணிப்பதே தப்பு என்பேன். பேராலயம் காலை 7 மணிக்குத் திறக்கும், இலவசம். ஒரு நாள் விடியலில் அதை மட்டும் வைத்துக்கொண்டால் வரிசை என்ற ஒன்றே தெரியாது.

மூன்றாம்நடைமேடை

நான்கு நாளில் அந்தப் பக்கம் இரண்டு தடவை போகச் சொல்கிறீர்கள். ஒரே நாளில் முடியும்: 7 மணிக்குப் பேராலயம் போய், முதலில் அதன் குவிமாடக் கோபுரம், பிறகு ஆலயம், 11 மணிக்கு மேல் அருங்காட்சியகம். காலை 8, 9 மணி டிக்கெட்டைத்தான் சுற்றுலாக் குழுக்கள் மொத்தமாக வாங்கியிருக்கும். மதியம் 3க்கு மேல் கூட்டம் இறங்கும், இப்போது இரவு 8 வரை திறந்திருக்கிறது. பிற்பகல் டிக்கெட் எடுத்தால் நடுவில் சாப்பாட்டுக்கும் நேரம் கிடைக்கும்.

கூழாங்கல்

551 படி ஏறி இறங்கிய காலோடு அருங்காட்சியகமா? மலைக்கோட்டை, முடிவு உங்களுடையது.

மலைக்கோட்டை

மலைக்கோட்டைக்காரிக்குப் படிக்கட்டு பயம் இல்லை! ஆனால் அந்தக் கோபுரம் மூச்சுமுட்டும் என்கிறார்களே?

மூன்றாம்நடைமேடை

மூச்சு வாங்குவது வேறு, மூச்சுமுட்டுவது வேறு. இங்கே இரண்டாவதைத்தான் பார்க்கவேண்டும். முதல் 231 படி அகலமானது, லிஃப்டும் உண்டு. லிஃப்ட் அந்த மொட்டைமாடியோடு சரி. மீதி 320 படியை எல்லோரும் ஏறியே ஆகவேண்டும். குவிமாடத்துக்கு உள்ளோடு ஒன்று, வெளியோடு ஒன்று என்று இரண்டு சுவர். நீங்கள் ஏறுவது அந்த இரண்டுக்கும் நடுவில். மேலே போகப்போகச் சுவர் உள்பக்கமாக வளையும், நீங்களும் ஒருக்களித்துச் சாய்ந்துகொண்டே ஏறுவீர்கள். கடைசியில் கைப்பிடிக்கு ஒரு கயிறு தொங்கும் குறுகிய சுழல்படி. எதிரில் ஆள் வராது, இறங்க வேறு வழி. அதனாலேயே பாதியில் திரும்பவும் முடியாது. அடைப்பட்ட இடம் ஆகாது என்றால் 231ஓடு நின்றுவிடுங்கள், அந்த மொட்டைமாடியிலிருந்தே சதுக்கமும் ஊரும் தெரியும்.

இறங்கும் வழி பேராலயத்துக்குள் கொண்டுவந்து விடும். ஆகவே முதலில் கோபுரம், பிறகு ஆலயம். உள்ளே நுழைந்ததும் வலப்பக்க முதல் சிற்றாலயத்தில் மிக்கேலாஞ்சலோவின் பியெத்தா சிலை, இறந்த இயேசுவை மடியில் தாங்கிய மரியாள். 1972இல் ஒருவன் சுத்தியலால் அடித்ததிலிருந்து கண்ணாடிக்குப் பின்னால்தான்.

உடை: தோளும் முட்டியும் மூடியிருக்கவேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும். நவம்பர் குளிரில் அது பிரச்சினையில்லை. வேட்டி கட்டிப் போனாலும் விடுவார்கள், மடித்துக் கட்டாதவரை.

பலெர்மோ தமிழன்

தங்கச்சி, நான் போக்குவரத்தை மட்டும் சொல்றன்.

ஃபியுமிச்சினோ விமான நிலையத்தில இருந்து தெர்மினிக்கு லியொனார்தோ எக்ஸ்பிரஸ் ரயில், 14 யூரோ, 32 நிமிஷம், இடையில நிக்காது. தாள் டிக்கெட் எண்டால் ஏறுறதுக்கு முதல் நடைமேடை மெஷினில குத்தவேணும். குத்தாத டிக்கெட்டும் டிக்கெட் இல்லாததும் அவங்களுக்கு ஒண்டுதான், தண்டம் அடிப்பாங்கள். இரவு பிந்தி வந்தால் வெள்ளை டாக்ஸி, நகரத்துப் பழைய மதிலுக்குள்ள எங்க போனாலும் ஒரே கட்டணம், 55 யூரோ. பெட்டிக்குத் தனிக் காசு கேட்டால் குடுக்காதேங்கோ. வருகைக் கூடத்துக்குள்ள வந்து ‘டாக்ஸி, டாக்ஸி’ எண்டு கூப்பிடுறவனோட போகக்கூடாது, வெளியில வரிசையில நிக்கிற வண்டிதான்.

ஊருக்குள்ள ஒரு டிக்கெட் 1.50 யூரோ, 100 நிமிஷம். அதுக்குள்ள பஸ் எத்தினையும் மாறலாம், மெட்ரோ ஒருக்காத்தான். ஏ தடத்தில இருந்து பி தடத்துக்கு வெளியில வராமல் மாறினால் அது ஒரே பயணம். டிக்கெட் வாங்காமல் கார்டைத் தட்டியும் போகலாம். ஒவ்வொரு தரமும் அதே கார்டைத் தட்டுங்கோ, ஒருக்கா கார்டும் ஒருக்கா போனும் தட்டினால் மெஷினுக்கு ரெண்டு ஆள். கொலோசியம் தெர்மினியில இருந்து பி தடத்தில ரெண்டாவது நிறுத்தம்.

‘ஷோபெரோ’ எண்ட சொல்லைப் பாடமாக்கி வையுங்கோ, வேலைநிறுத்தம். வெள்ளிக்கிழமையளிலதான் கூடுதலா வரும். முன்கூட்டியே அறிவிப்பாங்கள். அண்டைக்கும் காலமை 8:30 வரைக்கும், பின்னேரம் 5 இல இருந்து 8 வரைக்கும் வண்டி ஓடும், அது சட்டம். நடுவில நடைதான். ரோம் நடக்கிற ஊர்தான், பாந்தியனில இருந்து திரேவிக்குப் பத்து நிமிஷம், நவோனா சதுக்கத்துக்கு அஞ்சு நிமிஷம்.

64ஆம் இலக்க பஸ்ஸில வாத்திகன் போகேக்க பையை முன்னுக்குப் போடுங்கோ. அந்த பஸ் ஜேப்படிக்குப் பேர்போனது. மெட்ரோவில கதவுப் பக்கம் நிக்கவேண்டாம். கதவு மூடுற கடைசி விநாடியில இழுத்துக்கொண்டு இறங்கி ஓடுறதுதான் அவங்கட தொழில்.

பெட்டிகட்டி

ரோமா பாஸ் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. 72 மணி நேர அட்டை 50 யூரோவுக்கு மேல். முதல் இரண்டு இடம் இலவசம், மற்றவற்றில் தள்ளுபடி, ஊர்ப் போக்குவரத்து சேர்த்து. வாத்திகன் அதில் கிடையாது. கொலோசியத்துக்கு அட்டை இருந்தாலும் நேரம் தனியாகப் பதியவேண்டும். உங்கள் பட்டியலில் அதற்குள் வருவது கொலோசியம் 18, தேவ கோட்டை மாதிரி இன்னொன்று 16 என்று வைத்துக்கொண்டால் 34. ஒரு நாளைக்கு மூன்று பயணம், மூன்று நாளுக்கு 13.50. கூட்டினால் 47.50. அட்டை வாங்கினால் நஷ்டம்.

தெருக்கோடி

தேவதூதர் கோட்டை என்று பொருள்படும் காஸ்தெல் சாந்தாஞ்சலோவைத்தான் தேவ கோட்டை ஆக்கிவிட்டீர்களா, ரசித்தேன். அது திங்கள் மூடல். போர்கேசே கலைக் காட்சியகமும் திங்கள் மூடல், அதற்கும் முன்பதிவு கட்டாயம், இரண்டு மணி நேரம் ஆனதும் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். கைப்பையைக்கூட வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள். பெர்னினியின் ‘அப்பல்லோவும் தாஃப்னேயும்’ சிலையைச் சுற்றி வந்து பாருங்கள், விரல் நுனி இலையாக மாறும் இடத்தில் சலவைக்கல் வெளிச்சத்தை ஊடுருவ விடும்.

மலைக்கோட்டை

தேவ கோட்டையைக் குறித்துக்கொண்டேன். பாந்தியன், திரேவிக்கு?

கூழாங்கல்

பாந்தியனுக்கு 2023 ஜூலை முதல் டிக்கெட் உண்டு, தொடங்கியபோது 5 யூரோ. அங்கே முன்பதிவுக்குப் பதற வேண்டாம், நவம்பரில் கிடைக்கும். சனி மாலையும் ஞாயிறு காலையும் பூசை நடக்கும்போது பார்வையாளர்களை விடமாட்டார்கள். பழைய ரோமானியக் கோவிலான அது கி.பி. 609 முதல் தேவாலயம், அதனால்தான் இடியாமல் நிற்கிறது. குவிமாட விட்டம் 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சித் துளை வரை உள்ள உயரமும் கிட்டத்தட்ட அதே அளவு. கம்பி இல்லாத கான்கிரீட். கீழே கனமான கல், மேலே போகப்போக எடை குறைந்த எரிமலை நுரைக்கல் கலந்து ஊற்றியிருக்கிறார்கள்.

நவம்பர் மழை மாதம். மழை பெய்தால் மற்றவர்கள் ஓட்டலுக்கு ஓடுவார்கள், நீங்கள் பாந்தியனுக்கு ஓடுங்கள். உச்சித் துளைக்குக் கதவு கிடையாது, மழை நேராக உள்ளே இறங்கும். தரை நடுவில் லேசாக மேடு தட்டியிருக்கும், சின்னச் சின்ன வடிகால் துளைகள் 22 உண்டு. தண்ணீர் தானாக ஓடி அதில் இறங்குவதைப் பார்க்கலாம். அந்த இடத்தைக் கயிறு கட்டித் தடுத்திருப்பார்கள். தெருவில் பதித்த சம்பியெத்ரீனி கல் மழையில் வழுக்கும், அடியில் ரப்பர் பிடிப்புள்ள மூடு காலணி போடுங்கள். சக்கரப் பெட்டியை அந்தக் கல்லில் இழுத்தால் சக்கரம் ஊருக்குத் திரும்பாது.

திரேவிக்குக் காலை 6:30. அப்போது தண்ணீர்ச் சத்தம் கேட்கும், பத்து மணிக்கு மனிதச் சத்தம்தான் கேட்கும். 2026 பிப்ரவரியிலிருந்து வெளியூர்க்காரர்கள் பகலில் தொட்டி ஓரம் இறங்க 2 யூரோ. மேலே சதுக்கத்தில் நின்று பார்க்கக் காசில்லை. நாணயம் போட்டால் வலது கையால் இடது தோளுக்கு மேலாக. அந்தக் காசு கத்தோலிக்கத் தொண்டு அமைப்பான காரித்தாஸுக்குப் போகிறது. ஸ்பானியப் படிக்கட்டில் உட்காராதீர்கள், 2019 முதல் தடை, அபராதம் 250 யூரோவிலிருந்து.

ஏட்டுச்சுவடி

காசில்லாமல் கரவாஜியோ ஓவியங்களைப் பார்க்கலாம் என்பதை யாரும் சொல்லவில்லை. பாந்தியனிலிருந்து மூன்று நிமிடத்தில் சான் லுயிஜி தேய் ஃப்ரான்சேசி தேவாலயம். இடப்பக்க வரிசையின் கடைசிச் சிற்றாலயத்தில் மத்தேயுவைப் பற்றிய மூன்று ஓவியங்கள். இருட்டாக இருக்கும். பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, நாணயம் போட்டால் விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் ‘டக்’ என்று அணைந்துவிடும். இருட்டில் பத்துப் பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், யாராவது ஒருவர் காசு போடுவார். தனியாகப் போகிறவர் சட்டைப்பையில் 50 செந்த், 1 யூரோ நாணயங்கள் நாலைந்து வைத்திருந்தால் நிம்மதியாகப் பார்க்கலாம்.

இடது சுவரில் ‘மத்தேயுவின் அழைப்பு’. படத்தில் வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து விழும். பலிபீடத்துக்கு மேலே உள்ள நிஜ ஜன்னலும் அந்தப் பக்கம்தான். விளக்கு அணைந்திருக்கும் நேரத்திலும் ஒருமுறை பாருங்கள், ஓவியன் எந்த வெளிச்சத்தை நம்பி வரைந்தான் என்று தெரியும். மதியம் ஆலயத்தை மூடிவிடுவார்கள், ரோமின் பெரும்பாலான சிறு தேவாலயங்கள் அப்படித்தான்.

பலெர்மோ தமிழன்

சாப்பாடு. காச்சோ எ பேப்பே எண்டால் சீஸும் மிளகும் மட்டும் போட்ட பாஸ்தா, இறைச்சி இல்லை. கார்பொனாராவிலயும் அமத்ரிச்சானாவிலயும் பன்றிக் கன்னத்து இறைச்சி இருக்கு. சுப்லி எண்ட சோத்து உருண்டைக்குள்ள இறைச்சிக் குழம்பு இருக்கும், கேட்டு வாங்குங்கோ. ‘சென்சா கார்னே’ எண்டால் இறைச்சி இல்லாமல். காச்சோ எ பேப்பேயில போடுற பெக்கொரீனோ சீஸை உறையவைக்கிறது ஆட்டுக்குட்டி வயித்தில இருந்து எடுக்கிற பொருளால. அதுவும் ஆகாது எண்டால் பிட்சா மரினாரா, தக்காளி, உள்ளி, எண்ணெய், ஒரேகானோ மட்டும்.

தனியாப் போனால் மேசை பிடிக்கிற கஷ்டம் வேண்டாம், பிட்சா அல் தாலியோ கடை பாருங்கோ. பெரிய தட்டில இருந்து வெட்டித் தருவினம், நிறுத்துத்தான் விலை. போட்டிருக்கிற விலை ஒரு எத்தோவுக்கா, அதாவது 100 கிராமுக்கா எண்டு பாருங்கோ. கத்தியை வைச்சுக் காட்டேக்க இன்னும் சின்னன் எண்டு கையால காட்டலாம். கோப்பியை நிண்டு குடிச்சால் ஒரு விலை, இருந்து குடிச்சால் வேற விலை, சில இடத்தில மூண்டு மடங்கு. முதல் கஸ்ஸாவில காசைக் கட்டிச் சீட்டு வாங்கி, அதை மேசையில வைச்சுக் கேக்கவேணும்.

கறிவேப்பிலை, பச்சை மிளகாய் தேடினால் விட்டோரியோ சதுக்கத்துக்குப் பக்கத்தில எஸ்கிலீனோ சந்தை. தெர்மினியில இருந்து நடக்கலாம், வங்காளதேசத்து ஆக்களின்ர கடையள் நிறைய.

தெருக்கோடி

தண்ணீர்ப் புட்டி வாங்காதீர்கள். ஊர் முழுக்க நஸோனி என்ற இரும்புக் குழாய்கள், சுமார் 2500. வளைந்த மூக்கில் எப்போதும் தண்ணீர் ஓடும். மூக்கின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சின்னத் துளையிலிருந்து பீய்ச்சும், வாயை வைத்துக் குடிக்கலாம். சட்டை நனையாமல் செய்யக் கொஞ்சம் பழக்கம் வேண்டும்.

மலைக்கோட்டை

எல்லோருக்கும் நன்றி. இரவில் தனியாக நடப்பது?

பெட்டிகட்டி

பாந்தியன், நவோனா, திரேவி பக்கம் இரவு பதினொன்று வரைகூடக் குடும்பங்கள் நடமாடும். தெர்மினியைச் சுற்றித்தான் கவனம், குறிப்பாக நிலையத்தின் பக்கவாட்டுத் தெருக்கள். அறையிலிருந்து நிலையத்துக்குக் கடைகள் திறந்திருக்கும் பெரிய தெரு எது என்று பகலிலேயே ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள். கையில் கயிறு கட்ட வருபவரிடம் கையை நீட்டாதீர்கள். கொலோசியத்துக்கு வெளியே ரோமன் சிப்பாய் வேடம் போட்டவரோடு நின்றால் படத்துக்குக் காசு கேட்பார். அவசர எண் 112.

தங்குமிட வரி தனி. அறைக் கட்டணத்தில் பெரும்பாலும் சேர்ந்திருக்காது. ஒரு ஆளுக்கு ஓர் இரவுக்கு என்று கணக்கு, மூன்று நட்சத்திரம் என்றால் 6 யூரோ. நான்கு இரவுக்கு 24 தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

மலைக்கோட்டை

கடைசியாக ஒன்று: நம்ம ஊர் சார்ஜர் பிளக் அங்கே பொருந்துமா?

தெருக்கோடி

மெல்லிய இரண்டு முள் என்றால் பொருந்தும். மூன்று முள் போகாது. அங்கே மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கும், அடாப்டர் இங்கேயே வாங்கிவிடுங்கள்.

பெட்டிகட்டி

அடாப்டர் இருக்கட்டும், கொலோசியம் திறக்கும் தேதிக்கு அலாரம் வைத்தீர்களா?